வெட்டி ஒட்டிய சிரிப்பு



இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வாரங்கள் தயங்கினேன். சொல்லப்போவதில் என் பிழையும் அடங்கியிருப்பதே தயக்கத்திற்குக் காரணம். ஆயினும் பழைய திரைப்படங்களின் தந்திரக் காட்சிகளைப் பற்றி நான் ஏன் வகுப்பில் பேசத் தொடங்கினேன் என்று சக ஆசிரியர்கள் சிலர் கேட்டுவிட்டார்கள். அதற்கு நேர்மையான விடை அளிக்க வேண்டுமானால் அந்தக் காணொளியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

2023ஆம் ஆண்டு, நான் பணியாற்றிய பள்ளியின் விளையாட்டுப் போட்டி நாள். மறுநாள் காலையில் பெற்றோர் புலனக் குழுவில் முப்பது வினாடிக் காணொளி ஒன்று வந்தது. ஓட்டப் பந்தயத்தில் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் முழங்கால் தேய விழுகிறான். அடுத்த காட்சியில் ஆசிரியை ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். அதற்கடுத்து அழும் சிறுவனின் முகம். பின்னணியில் ஒரு சோகப் பாடல். அவ்வளவுதான். நண்பகலுக்குள் அக்காணொளி கிள்ளானைத் தாண்டி, நாங்கள் அறியாத குழுக்களுக்கெல்லாம் சென்றுவிட்டது. அந்த ஆசிரியையின் வளர்ப்பு, படிப்பு, குடும்பம் என்று எதையும் விட்டுவைக்காமல் எழுதினார்கள். நானும் அக்காணொளியைப் பார்த்தேன். நம்பினேன். குழுவில் ஒரு சொல்லும் எழுதவில்லை என்பது உண்மையே. ஆனால் அவரிடம் சென்று, "என்ன நடந்தது?" என்று கேட்கவும் இல்லை.

நடந்தது வேறு. அவர் சிரித்தது காலை எட்டு மணிக்கு, முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் தலையில் பீன்ஸ் பையை வைத்துக்கொண்டு திசை தெரியாமல் நடந்தபோது. சிறுவன் விழுந்தது பதினொரு மணிக்குமேல். அப்போது அவர் திடலிலேயே இல்லை. கூடாரத்தின் பின்னால் நீர்ப் புட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஒட்டியவன் ஆறாம் ஆண்டு மாணவன். அவனுக்கு அந்த ஆசிரியை மீது எவ்வித வெறுப்பும் இல்லை. விசாரித்தபோது, "டீச்சர், அங்க ஒரு முகம் வந்தா நல்லா இருக்கும்னு போட்டேன்" என்றான். ஆண்டு இறுதியில் அந்த ஆசிரியை மாற்றல் பெற்றுச் சென்றுவிட்டார்.

"அங்கே ஒரு முகம் வந்தால் நன்றாக இருக்கும்." இந்தப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் தானாகக் கண்டுகொண்டதை, ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற திரைப்பட ஆசிரியர் சோதித்துப் பார்த்தார். மொசூகின் என்னும் நடிகரின் உணர்ச்சி காட்டாத முகம் ஒன்றை எடுத்துக்கொண்டார். அதனை ஒரு சூப்புத் தட்டின் காட்சியோடு ஒட்டினார். பிறகு ஒரு சவப்பெட்டியின் காட்சியோடு ஒட்டினார். பார்த்தவர்கள் முதலாவதில் பசியைக் கண்டார்கள், இரண்டாவதில் துயரத்தைக் கண்டார்கள். நடிகரின் திறமையை மெச்சவும் செய்தார்களாம். முகமோ ஒன்றேதான். இரண்டு படங்களுக்கு இடையில் இருந்த வெட்டுதான் நடித்தது.

இதைப் படித்தபோது எனக்கு என் அப்பா நினைவிற்கு வந்தார். அவர் குலெஷோவைக் கேள்விப்பட்டதே இல்லை. பிரிக்பீல்ட்ஸில் லிடோ திரையரங்கு இருந்த காலத்தில் வரிசையில் நின்று படம் பார்த்த தலைமுறையைச் சேர்ந்தவர். கிள்ளானில் எங்கள் வீட்டிற்கு வீடியோ கருவி வந்தது 1980களின் பிற்பகுதியில். வாடகைக்கு எடுத்து வந்த நாடாக்களில் நாங்கள் மீண்டும் மீண்டும் பார்த்தது 'மாயாபஜார்'. எஸ்.வி. ரங்காராவ் கடோத்கசனாக வந்து கல்யாண விருந்தை ஒற்றை ஆளாய் உண்டு தீர்க்கும் இடத்தில் அப்பா நாடாவை நிறுத்துவார். "இந்த இடத்துல பாரு. இப்ப இருக்கு, அடுத்ததுல இல்ல. நடுவுல என்ன செஞ்சிருப்பான்?" என்று கேட்பார். நாங்கள் ஏதேதோ சொல்வோம். அவர் மீண்டும் பின்னோக்கி ஓட்டுவார். அம்மா, நாடா தேய்ந்துவிடும் என்று அடுப்படியிலிருந்து கத்துவார். நாடா தேயத்தான் செய்தது. ஆனால் பார்க்கும்போதே 'நடுவில் என்ன செய்திருப்பார்கள்' என்று கேட்கும் பழக்கம் எங்களுக்கு அந்தக் கூடத்தில்தான் வந்தது. அந்தப் பழக்கம் எனக்கு 2023இல் ஏன் கைகொடுக்கவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

'மாயாபஜார்' கே.வி. ரெட்டி இயக்கிய விஜயா நிறுவனப் படம். 1957 மார்ச்சில் தெலுங்கிலும் அடுத்த மாதம் தமிழிலும் வெளிவந்தது. ஒளிப்பதிவு மார்க்கஸ் பார்ட்லி. பின்னாளில் 'செம்மீன்' படத்திற்கு ஒளிப்பதிவு செய்தவரும் அவரே. கணினி என்ற பேச்சே இல்லாத காலத்தில் அவரிடம் இருந்தவை ஒரு கருவியும் விளக்குகளும் பொறுமையுமே. துவாரகை நகரைச் சிறுசிறு வீடுகளாகச் செய்து, அவற்றுள் விளக்கேற்றிப் படம் பிடித்தார்கள். படகில் காதலர் செல்லும் காட்சியின் நிலவொளியைப் பற்றி இன்றுவரை பேசுகிறார்கள்.

கடோத்கசன் வத்சலையாக உருமாறும் கட்டம்தான் ஆசிரியர்களாகிய நமக்கு மிகவும் பயன்படக்கூடியது. உருமாறிய பிறகு நடிப்பவர் சாவித்திரி. ஆனால் அவருடைய மிடுக்கு ரங்காராவுடையது! ஓர் உருவம் நின்ற இடத்தில் வேறோர் உருவம் தோன்றும் இந்த வித்தைக்குத் திரைப்படத்தின் வயதே ஆகிறது. கருவியை அசையாமல் நிறுத்திவைக்க வேண்டும். நடிப்பவர்கள் சிலைபோல் நிற்க வேண்டும். ஓட்டத்தை நிறுத்திவிட்டு ஒருவரை விலக்கி மற்றவரை அதே இடத்தில் நிற்கவைத்து மீண்டும் ஓட்ட வேண்டும். எடிசனின் நிறுவனம் 1895இல் ஸ்காட்லாந்து அரசி மேரியின் தலை வெட்டப்படும் காட்சியை இவ்வாறே எடுத்தது. கடைசி நொடியில் நடிகருக்குப் பதிலாகப் பொம்மை. மறு ஆண்டு பாரிசில் மந்திர வித்தைக்காரரான ஜார்ஜ் மெலியேஸ் நாற்காலியில் அமர்ந்த பெண்ணை மறையச் செய்தார். தெருவில் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது கருவி சிக்கி நின்றதாகவும், மீண்டும் ஓடியபோது பேருந்து வண்டி பிண வண்டியாக மாறியிருந்ததாகவும், அதிலிருந்தே இந்த உத்தி தமக்குக் கிடைத்ததாகவும் அவர் பின்னாளில் சொன்னார். வித்தைக்காரர் சொல்லும் கதை என்பதால் நான் அதைக் கொஞ்சம் உப்போடு சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

அவருடைய படச்சுருள்களை ஆராய்ந்தவர்கள் ஒன்றைக் கண்டிருக்கிறார்கள். கருவியை நிறுத்தியதோடு அவர் விட்டுவிடவில்லை. நிறுத்திய இடத்தின் முன்னும் பின்னும் பிசிறு தெரியாதபடி சுருளைக் கத்தரித்து ஒட்டியிருக்கிறார். தந்திரக் காட்சி, படத்தொகுப்பு என்று நாம் இன்று பிரித்துச் சொல்லும் இரண்டும் ஒரே கத்தரிக்கோலில் பிறந்தவை. கண்ணை ஏமாற்றியது முதல் வகை. ஏமாற்றுகிறது என்று நமக்கும் தெரியும். இரண்டாவது வகை கண்ணைத் தொடுவதில்லை. கருத்தை ஏமாற்றுகிறது. கடோத்கசனைக் கண்டு ஏமாறாத நான் ஓர் ஆசிரியையின் சிரிப்பைக் கண்டு ஏமாந்தது இதனால்தான். வித்தையைத் தேடும் பழக்கம் எனக்கு இருந்தது. வெட்டைத் தேடும் பழக்கம் இல்லை.

நம் நாட்டிற்கு இவையெல்லாம் அந்நியமானவை என்று எண்ணிவிடாதீர்கள். 'மாயாபஜார்' தமிழில் வந்த அதே 1957 ஏப்ரலில் சிங்கப்பூரில் கேத்தே கெரிஸ் நிறுவனத்தின் 'பொந்தியானாக்' வெளிவந்தது. இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி.என். ராவ், அழகி பேயாக மாறும் வேடத்தில் மரியா மெனாடோ. அந்தப் படத்தின் பிரதி இன்று எங்கும் இல்லை என்பது பெரிய இழப்பு. மறு ஆண்டு பி. ரம்லி 'சும்பா ஓராங் மின்யாக்' எடுத்தார். கூனன் அழகனாவதும், பின்பு கண்ணுக்குத் தெரியாமல் போவதும் அதில் உண்டு. ரம்லிக்கு முதல் நாயகன் வேடத்தை 1950இல் 'பக்தி' படத்தில் தந்த எல். கிருஷ்ணன் நம்மவர், சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர். நாடு விடுதலை பெற்ற அந்த ஆண்டுகளில் மலாய்த் திரைக்கும் தமிழ்த் திரைக்கும் கைவேலை ஒன்றாகவே இருந்தது. இதைப் பிள்ளைகளிடம் சொன்னபோது, "பி. ரம்லி படத்த தமிழர் எடுத்தாரா?" என்று வகுப்பே வியந்தது. வரலாற்றுப் பாடத்தில் கிடைக்காத வியப்பு!

இனி வீட்டிற்கு வாருங்கள். உங்கள் பிள்ளை கைப்பேசியைச் சாய்த்து வைத்துவிட்டுக் குதிக்கிறாள். கால் தரையில் படும்போது பள்ளிச் சீருடை பாவாடை தாவணியாக மாறியிருக்கிறது. டிக்டாக்கில் நாள்தோறும் காண்கிறோம். அது மெலியேசின் நாற்காலிப் பெண். ஒரே பையன் அம்மாவாகவும் மகனாகவும் எதிரெதிரே நின்று வழக்காடுகிறான். அது 1940இல் மாடர்ன் தியேட்டர்ஸ் 'உத்தம புத்திரன்' படத்தில் பி.யு. சின்னப்பா ஏற்ற இரட்டை வேடத்தின் வழி வந்தது. அக்காலத்தில் கண்ணாடி வில்லையின் பாதியை மறைத்து ஒரு பக்கத்தைப் படம் பிடிப்பார்கள். பிறகு சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, மறைத்த பாதியைத் திறந்து, திறந்த பாதியை மறைத்து, அதே நடிகரை மறுபக்கம் நிற்கவைப்பார்கள். நடுக்கோட்டைக் கை தாண்டிவிட்டால் விரல்கள் காணாமல் போகும். நான் பள்ளி மாணவியாக இருந்தபோது 1990இல் 'மைக்கேல் மதன காமராஜன்' வந்தது. நான்கு கமல்ஹாசன்களை ஒரே சட்டத்தில் கண்டு, அப்பா திரையரங்கிலேயே எழுந்து நின்று பார்த்தார். பின்வரிசைக்காரர் திட்டினார். வழி நெடுகவும் அதே கேள்விதான்: நடுவுல என்ன செஞ்சிருப்பான்?

நம் பிள்ளைகள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அவர்களுக்கு அது ஒரு பொத்தான். அழுத்தினால் மாறும். எப்படி மாறுகிறது என்று அறியாமலேயே உலகின் மிகப் பழைய வித்தைகளை அவர்கள் நாள்தோறும் செய்கிறார்கள். செய்யத் தெரிந்திருப்பதால் புரிந்திருக்கிறது என்று நாமும் எண்ணிக்கொள்கிறோம். "என் பையனுக்கு எல்லாம் தெரியும், எனக்கே அவன்தான் சொல்லித் தருகிறான்" என்று பெருமைப்படும் பெற்றோரைப் பார்க்கும்போது எனக்கு அச்சமாக இருக்கிறது. அந்த ஆறாம் ஆண்டு மாணவனுக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. தான் ஒட்டியது என்ன சொல்லும் என்பது மட்டும் தெரியவில்லை.

பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. 'பகிர்வதற்கு முன் சிந்தியுங்கள்' என்ற வாசகத்தைத் திரையில் காட்டி, தேநீர் கொடுத்து, சான்றிதழ் தந்து அனுப்பிவிடுகிறார்கள். எதைச் சிந்திப்பது, எப்படிச் சிந்திப்பது என்று எவரும் சொல்வதில்லை. அதனால் கடந்த ஆண்டு ஐந்தாம் ஆண்டு வகுப்பில் நானே ஒரு முயற்சியைச் செய்து பார்த்தேன்.

எந்த உணர்ச்சியும் இல்லாமல் என் முகத்தையே படம் பிடித்துக்கொண்டேன். இது எளிதன்று, என் மகள் மூன்று முறை சிரித்துக் கெடுத்தாள். அதோடு மூன்று படங்கள்: ஒரு பொட்டலம் நாசி லெமாக், உடைந்த பூச்சாடி, தூங்கும் குழந்தை. வகுப்பை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிற்கும் ஒரு பொருளின் படத்தையும் அடுத்து என் முகத்தையும் காட்டினேன். ஒரே ஒரு வாக்கியம் எழுதச் சொன்னேன். 'ஆசிரியை பசியால் வாடுகிறார்' என்று வந்தது. 'ஆசிரியை கடுங்கோபத்தில் இருக்கிறார், இன்று தண்டனை உறுதி' என்று வந்தது. 'ஆசிரியை தம் பிள்ளையை அன்போடு பார்க்கிறார்' என்று வந்தது. பிறகு மூன்று முகங்களையும் அருகருகே ஒட்டினேன். சிறிது நேரம் அமைதி. "எல்லாம் ஒரே படமா, டீச்சர்?" என்றான் ஒருவன். பின்வரிசையில் இருந்த மாணவி மெல்லிய குரலில், "அப்போ அன்னிக்கு ஸ்போர்ட்ஸ் டேல அந்த டீச்சர்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். நான் பெயரைச் சொல்லவே இல்லை. அவர்கள் அனைவரும் அந்தக் காணொளியைப் பார்த்திருந்தார்கள்.

'இது தமிழ்ப் பாடமா?' என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்றபோது எங்கள் விரிவுரையாளர் படத்தொடர் கட்டுரையைக் கற்பிக்கும் முறையைக் காட்டினார். நான்கு படங்களை வரிசை மாற்றி அடுக்கச் சொல்வார்; ஒவ்வோர் அடுக்கிற்கும் வேறு கதை வரும். தொடக்கப்பள்ளித் தமிழில் இன்றும் படத்தொடர் உண்டு; ஆகவே, எனவே, ஏனெனில் என்னும் இடைச்சொற்களும் உண்டு. இவற்றை இணைத்தால் போதும். 'சிறுவன் விழுந்தான். ஆசிரியை சிரித்தார்.' இரண்டும் உண்மையான வாக்கியங்கள். எழுதியவர் இடையில் 'அதனால்' என்று எழுதவில்லை. படித்தவர்தாம் அதை மனத்தில் சேர்த்துக்கொள்கிறார். வெட்டு என்பது எழுதப்படாத இடைச்சொல். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு இது புரிகிறது. உயர்நிலைச் சிந்தனைத் திறன் என்று பாடத்திட்டத்தில் எழுதி வைத்துக்கொண்டு அதற்குப் பயிற்சி நூல்களில் கேள்வி தேடும் நமக்கு, இதைவிடப் பொருத்தமான கேள்வி எங்கே கிடைக்கும்?

அடுத்த வாரம் உருமாற்ற வித்தையைச் செய்தோம். மாணவர்கள் பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவரக் கூடாது என்பதால் என் கைப்பேசி மட்டுமே. அதை இரண்டு அகராதிகளுக்கு நடுவில் நிறுத்தினோம். ஒரு மாணவனைத் துடைப்பமாக மாற்ற வேண்டும். நான்கு முறை தோற்றோம். யாராவது ஒருவர் சிரித்து அசைந்துவிடுவார். ஐந்தாம் முறை வெற்றி. ஓட்டிப் பார்த்தபோது வகுப்பே கைதட்டியது. ஒரு மாணவன் மட்டும், "டீச்சர், கடிகாரத்தப் பாருங்க" என்றான். பையன் துடைப்பமாகும் நொடியில் சுவர்க் கடிகாரத்தின் முள் ஆறு நிமிடம் தாவியிருந்தது. அன்று முழுவதும் அவர்கள் வேறு எதையும் பேசவில்லை.

அன்றிரவு அந்த விளையாட்டுப் போட்டிக் காணொளியை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். சிறுவன் விழும் காட்சியில் நிழல்கள் காலடியில் சுருங்கிக் கிடக்கின்றன. ஆசிரியை சிரிக்கும் காட்சியில் அவருடைய நிழல் புல்வெளியில் நீண்டு கிடக்கிறது. இரண்டாண்டுகள் என் கைப்பேசியிலேயே இருந்தது. அறிவியல் பாடத்தில் நிழலைப் பற்றிக் கற்பிப்பவளும் நானே.

பெற்றோர் சிலர் கைப்பேசியையே பிடுங்கிவிட்டால் தொல்லை தீரும் என்கிறார்கள். தொடக்கப்பள்ளி முடியும்வரை பிடுங்கி வைக்கலாம். நானும் என் வீட்டில் நேரக் கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். ஆனால் அந்தக் காணொளியைப் பரப்பியவர்கள் பிள்ளைகள் அல்லர், நாம். செயற்கை நுண்ணறிவு இல்லாத காட்சியையே உண்டாக்கும் இக்காலத்தில் பழைய கத்தரிக்கோல் வித்தையைக் கற்று என்ன பயன் என்று இன்னொரு நண்பர் கேட்டார். அவர் கேட்பதில் நியாயம் உண்டு. நிழலும் கடிகாரமும் இனி எப்போதும் காட்டிக்கொடுக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும், தன் கையால் ஒரு முறை துடைப்பமாக்கிப் பார்த்த பிள்ளைக்கு, திரையில் வருவது எதுவும் தானாக வருவதில்லை, எவரோ இருந்து வரிசைப்படுத்தியிருக்கிறார் என்பது உடம்பில் தங்கிவிடுகிறது. அந்த அறிவை வாசகத்தால் ஊட்ட முடியாது.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு மற்றொரு வழியும் உண்டு. 'ராஜா அரிச்சந்திரா' படத்தை 1913இல் எடுத்த தாதாசாகேப் பால்கே, அதற்கு முந்திய ஆண்டு ஒரு தொட்டியில் பட்டாணிச் செடி வளர்வதைச் சட்டம் சட்டமாகப் படம் பிடித்தார். பல நாள் வளர்ச்சி சிறிது நேரத்தில் திரையில் ஓடியது. பணம் போடுவோரை நம்பவைக்க அவர் காட்டியது அந்தச் சின்னப் படத்தைத்தான். நாம் ஆண்டுதோறும் பஞ்சில் பச்சைப்பயறு முளைக்கவைக்கிறோம். காலை, நண்பகல், பள்ளி விடும் நேரம் என மூன்று வேளையும் ஒரே இடத்திலிருந்து ஒரு படம் எடுத்தால் பத்து நாளில் முப்பது படங்கள். கைப்பேசியை வைக்கும் இடத்தை மேசையில் நாடாவால் குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் முளை நடனமாடும். எங்களுடையது ஆடியது.

மாற்றலாகிச் சென்ற ஆசிரியைக்கு என் முகத்தின் மூன்று படங்களையும், மாணவர்கள் எழுதிய வாக்கியங்களையும், நிழலைப் பற்றி நான் கண்டதையும் சென்ற மாதம் அனுப்பினேன். அன்று கேட்காமல் போனதற்கு மன்னிப்பும் கேட்டேன். மூன்று நாள் கழித்து மறுமொழி வந்தது. மன்னிப்பைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. நாசி லெமாக் படம் தெளிவாக இல்லை, தம் வகுப்பில் பயன்படுத்த வேண்டும், பெரிய அளவில் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். மறுநாள் காலை பொட்டலம் வாங்கியதும் பிரிப்பதற்கு முன் படம் எடுத்து அனுப்பினேன்.